முட்டைக்கோஸ், காலிஃபிளவர் செடிகளுக்குப் பூச்சி வலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலை கட்டாயம் வேண்டுமா? வேப்பெண்ணெய் அடித்துச் சமாளிக்க முடியாதா?

இரண்டு மூன்று செடிதான், தினமும் இலையைப் புரட்டிப் பார்க்க நேரமும் இருக்கிறது என்றால் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் வலைதான் நிம்மதி.

இந்தச் செடிகளைப் பூச்சிகள் விடாமல் தேடி வருவதற்குக் கடுகைக் கடித்தால் ஏறும் அந்தக் காரநெடிதான் காரணம். முட்டைக்கோஸ் குடும்பம் முழுவதிலும் அது இருக்கிறது. குளுக்கோசினோலேட் என்ற பொருட்கள் இலை நசுங்கும்போது சிதைந்து அந்த நெடியைத் தருகின்றன. பெரும்பாலான பூச்சிகள் அதற்குப் பயந்து விலகிப் போகும். ஆனால் ஒரு சில பூச்சிகள் அதையே அடையாளமாக வைத்து இந்தச் செடிகளைத் தேடி வருகின்றன. வெள்ளை வண்ணத்துப்பூச்சியும் வைரமுதுகு அந்துப்பூச்சியும் அப்படித்தான். இவற்றின் புழுக்கள் வேறு குடும்பச் செடிகளைப் பெரும்பாலும் சீண்டுவதில்லை.

மருந்தை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு வைரமுதுகு அந்துப்பூச்சியே சாட்சி. 1953இலேயே ஜாவா தீவில் அது டிடிடி மருந்துக்கு மசியவில்லை என்று பதிவாகியிருக்கிறது. புழுக்களைக் கொல்லும் உயிரியல் மருந்தான பிடி (Bt) பாக்டீரியாவையும் அது விட்டுவைக்கவில்லை. ஹவாய் வயல்களில் அதற்கும் எதிர்ப்புத்திறன் வந்துவிட்டதை 1990இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். வலைக்கு எதிராக எந்தப் பூச்சிக்கும் எதிர்ப்புத்திறன் வராது. வலையின் கண், அதாவது துளை, சிறியதாக இருந்தால் உள்ளே வர முடியாது, அவ்வளவுதான்.

எந்தெந்தச் செடிகளுக்கு வலை போட வேண்டும்?

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி, நூல்கோல், கேல், சீன முட்டைக்கோஸ், டர்னிப், முள்ளங்கி, கீரைக்காக வளர்க்கும் கடுகு எல்லாம் ஒரே குடும்பம். முள்ளங்கியில் நமக்கு வேண்டியது கிழங்குதான் என்பதால் இலையில் நாலு ஓட்டை விழுந்தாலும் பெரிதாகக் கவலையில்லை. காலிஃபிளவரும் புரோக்கோலியும் அப்படியில்லை. பூவுக்குள் புழு புகுந்துவிட்டால் எவ்வளவு அலசினாலும் முழுதாக வெளியேறாது. வலை குறைவாக இருந்தால் முதலில் இவற்றை மூடுங்கள்.

எந்தப் பூச்சிக்கு எந்த அளவு வலை?

இந்தக் கேள்விக்கு மட்டும் சரியாக விடை தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. வலையை விற்பவர் பெரும்பாலும் "பூச்சி வலை" என்று பொதுவாகச் சொல்லிக் கொடுத்துவிடுவார். எந்தப் பூச்சிக்கு என்று நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

புறா போன்ற பறவைகளை மட்டும் தடுக்க 15 முதல் 20 மி.மீ. கண் உள்ள வலை போதும் என்பார்கள். அந்த வலையால் வண்ணத்துப்பூச்சிக்கு ஒரு தடையும் இல்லை. சிறிய வெள்ளை வண்ணத்துப்பூச்சி இறக்கையை மடித்துக்கொண்டு அதில் நுழைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வலைமேல் வந்து உட்காரும், இறக்கையைச் சேர்த்துக்கொள்ளும், இரண்டு அடி நடக்கும், உள்ளே போய்விடும். பறந்து முட்டி மோதித் தோற்றுப்போகும் என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வெள்ளை வண்ணத்துப்பூச்சியை நிறுத்த 7 மி.மீ. அல்லது அதற்கும் குறைந்த கண் வேண்டும். 5 மி.மீ. என்றால் இன்னும் நல்லது.

வைரமுதுகு அந்துப்பூச்சி அரை விரற்கடைகூட இருக்காது, ஒல்லியான உடம்பு. அதற்கு 1.3 மி.மீ. அளவிலான நெருக்கமான வலை தேவை. குளிர்ப் பகுதிகளில் தண்டின் அடியில் முட்டையிட்டு வேரை அரிக்கும் முட்டைக்கோஸ் வேர் ஈயையும் இதே வலை தடுக்கும்.

இலை முழுக்கக் குண்டூசியால் குத்தியது போலப் பொடி ஓட்டைகள் விழுந்து, கை வைத்ததும் கறுப்பாக ஏதோ துள்ளித் தெறித்தால் அது தெள்ளுவண்டு. அதற்கு 0.8 மி.மீ. அல்லது அதற்கும் சிறிய கண் வேண்டும். அசுவினி, வெள்ளை ஈ இரண்டையும் வெளியே நிறுத்த வேண்டுமானால் 0.3 மி.மீ. வரை போக வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் தடுக்கும் 0.3 மி.மீ. வலையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். கண் சிறுக்கச் சிறுக்கக் காற்றும் குறையும், உள்ளே புழுக்கம் ஏறும். உங்கள் செடிகளை எது தின்கிறது என்று பார்த்து, அதைத் தடுக்கும் அளவுக்கு மட்டும் நெருக்கமான வலையை வாங்குங்கள். வண்ணத்துப்பூச்சி மட்டும்தான் தொல்லை என்றால் 5 மி.மீ. வலை போதும். அந்துப்பூச்சியும் வருகிறது, ஆனால் என்னென்ன வரும் என்று இன்னும் தெளிவாகத் தெரியவில்லை என்றால் 1.3 மி.மீ. வலையில் தொடங்கலாம். என்னுடைய தேர்வும் அதுதான்.

40 மெஷ், 50 மெஷ் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண்கள் என்பதுதான் மெஷ். 40 மெஷ் என்றால் ஓர் அங்குலத்தில் 40 கண்கள். அங்குலம் 25.4 மி.மீ. என்பதால் கண்ணும் இழையும் சேர்ந்து சுமார் 0.63 மி.மீ. வரும். இழையின் தடிமனைக் கழித்தால் கண் சுமார் 0.4 மி.மீ. எண் கூடினால் கண் சிறுக்கும், இதை மட்டும் மாற்றிப் புரிந்துகொள்ளாதீர்கள்.

அளவு எழுதாத வலை கையில் இருந்தால் ஒரு ஸ்கேலை அதன்மேல் வைத்து ஒரு செ.மீ.க்குள் எத்தனை கண்கள் என்று எண்ணுங்கள். ஆறு ஏழு இருந்தால் அது கிட்டத்தட்ட 1.3 மி.மீ. வலை. பத்து இருந்தால் 0.8 மி.மீ. பதினாறு இருந்தால் 40 மெஷ். எண்ணும்போது வலையை இரண்டு பக்கமும் மெல்ல இழுத்துப் பாருங்கள். பின்னல் வலைகளில் சிலவற்றை இழுத்தால் கண் ஒரு பக்கமாக விரிந்து நீண்டுவிடும். வளைவின்மேல் இழுத்துக் கட்டும்போதும் அப்படித்தான் விரியும். இழுத்தாலும் அளவு மாறாத நெசவு வலையே நல்லது.

கொசுவலை, பச்சை நிழல்வலை இவற்றைப் பயன்படுத்தலாமா?

கொசுவலை பயன்படும். கண் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு மி.மீ.க்குள் இருக்கும், வண்ணத்துப்பூச்சியை நன்றாகவே தடுக்கும். வெயிலில் கிடந்தால் சீக்கிரம் நைந்து கிழியும் என்பதுதான் குறை. ஒரு பருவத்துக்குப் பரவாயில்லை. ஆனால் கொசுவைக் கொல்லப் பூச்சிமருந்து ஏற்றி விற்கிற வலைகள் இருக்கின்றன. நாம் சாப்பிடும் செடிமேல் அவற்றை ஒருபோதும் போடாதீர்கள்.

பச்சை நிழல்வலை வேண்டாம். வெளிச்சத்தைக் குறைக்கத்தான் அதைச் செய்கிறார்கள். முட்டைக்கோஸ் நல்ல வெளிச்சம் கேட்கிற செடி, நிழலில் உருண்டை சரியாகப் பிடிக்காது. வெள்ளை அல்லது நிறமற்ற வலை வாங்குங்கள். வெயிலைத் தாங்கும்படி புற ஊதாக் கதிர்ப் பாதுகாப்பு சேர்த்தது என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நெய்யாத துணி போன்ற உறை ஒன்றும் விற்கிறார்கள். அது குளிருக்குப் போர்த்துவது. சூடு காலத்தில் அதற்குள் செடி வெந்துவிடும்.

வலையைச் செடிமேல் அப்படியே விரித்துவிடலாமா?

கூடாது. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். நானும் ஏமாந்திருக்கிறேன்.

முதல் வருடம் நல்ல வலை வாங்கி, செடிகளின்மேலேயே விரித்து, நாலு ஓரத்திலும் கல் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். மூன்று வாரம் கழித்துத் திறந்து பார்த்தால், வலையை ஒட்டியிருந்த மேல் இலைகளில் மட்டும் மஞ்சள் முட்டைகள், பொடி அரிசியை நிமிர்த்து அடுக்கியது போல. சில இலைகளில் முட்டை பொரிந்து புழுக்கள் மேயத் தொடங்கியிருந்தன. வண்ணத்துப்பூச்சி உள்ளே நுழையவே இல்லை. வலைமேல் உட்கார்ந்து, வால் நுனியைக் கண் வழியாக விட்டு இலையில் முட்டையிட்டிருக்கிறது. வலைக்கும் இலைக்கும் இடையே நாலு விரல் இடைவெளி இருந்திருந்தால் அதனால் முடிந்திருக்காது.

செடி வளரும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இன்று ஒரு சாண் இடைவெளி இருக்கும், ஒரு மாதத்தில் இலை வலையை முட்டும். முழு வளர்ச்சியின் உயரத்தைக் கணக்கில் வைத்தே கூடாரம் போடுங்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோலுக்கு இரண்டு அடி. புரோக்கோலிக்கும் கேலுக்கும் மூன்று அடியாவது வேண்டும்.

கூடாரம் எப்படிப் போடுவது? எவ்வளவு வலை வாங்க வேண்டும்?

வளையும் குழாய் எதுவானாலும் சரி. தண்ணீர்க் குழாய், மெல்லிய பிவிசி குழாய், பிளந்த மூங்கில் எல்லாம் பயன்படும். பாத்தியின் இரு பக்கமும் ஒரு அடி நீளக் கம்பியைப் பாதி புதையும்படி அடித்து, அதில் குழாயின் முனைகளைச் செருகினால் வளைவு தானாக நிற்கும். இரண்டிலிருந்து மூன்று அடிக்கு ஒரு வளைவு வையுங்கள். அதைவிடத் தள்ளி வைத்தால் மழையில் வலை நடுவில் தொய்ந்து இலையைத் தொடும். எல்லா வளைவுகளின் உச்சியையும் சேர்த்து ஒரு நீளக் குச்சியோ கயிறோ கட்டிவிட்டால் காற்றுக்கு ஆடாது. நேர்க் குச்சிகளை நட்டு வலை போடுவதானால், நுனியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்துவிடுங்கள். குச்சி முனை வலையைக் கிழிக்காது.

வலை வாங்கும்போது பாத்தியின் அளவை மட்டும் சொல்லி வாங்கிவந்து, பிறகு போதவில்லை என்று நிற்பவர்கள் நிறைய. 3 அடி அகலம், 10 அடி நீளப் பாத்தி, 2 அடி உயரக் கூடாரம் என்று வைத்துக்கொள்வோம். வளைவின்மேல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஐந்தரை அடி. ஓரத்தில் புதைக்க இருபுறமும் முக்கால் அடி. ஆக 7 அடி அகலம். நீளத்துக்கு 10 அடியுடன் இரு முனைகளிலும் இறங்க இரண்டிரண்டு அடி, புதைக்க முக்கால் முக்கால் அடி சேர்த்து 15½ அடி. உயரம் 3 அடி என்றால் அகலம் 9 அடி, நீளம் 17½ அடி. கொஞ்சம் தாராளமாகவே வாங்குங்கள். மிச்சம் ஒட்டுப்போட உதவும்.

ஓரங்களை எப்படி அடைப்பது?

மண்ணில் அரை அடி ஆழத்துக்குப் புதைப்பதுதான் உறுதி. ஆனால் அடிக்கடி திறந்து பார்க்க வேண்டியிருக்குமே. அதனால் ஒரு நீளப் பக்கத்தையும் இரு முனைகளையும் புதைத்துவிட்டு, மிச்சப் பக்கத்தில் வலையின் ஓரத்தை ஒரு நீளப் பலகையில் சுற்றி வைத்துவிடுவேன். திறக்க வேண்டுமானால் பலகையைத் தூக்கினால் போதும். மணல் நிரப்பிய பைகளும் நன்றாக அழுத்தும். இங்கொன்று அங்கொன்றாகக் கல் வைப்பது மட்டும் வேண்டாம். இரண்டு கல்லுக்கு நடுவில் வலை மேலெழும்பும், அந்தச் சந்து வழியாக ஒரே ஒரு தாய்ப்பூச்சி போனால் போதும். உள்ளே போனதற்கு வெளியே வழி தெரியாது, எதிரியும் இல்லை. நிதானமாகச் செடிசெடியாக முட்டையிடும்.

எப்போது மூட வேண்டும்?

நட்ட அன்றே. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் அந்த ஒரு நாள் போதும் முட்டை விழ. நாற்றங்காலுக்கும் ஒரு சின்ன வலை போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

மூடுவதற்கு முன் ஒவ்வொரு நாற்றையும் கையில் எடுத்து இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். குருத்தையும் விரித்துப் பாருங்கள். வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் முட்டை கண்ணுக்குத் தெரியும். பெரிய வகை கூட்டமாக இடும், சிறிய வகை ஒன்று ஒன்றாக இடும். வைரமுதுகு அந்துப்பூச்சியின் முட்டை மிகப் பொடியாக நரம்போரத்தில் இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். வாங்கிவந்த நாற்றாக இருந்தால் இரண்டு முறை பாருங்கள்.

அதே இடத்தில் போன பருவமும் இந்தக் குடும்பச் செடிகள்தான் இருந்தன என்றால் வேறு பாத்திக்கு மாறுங்கள். வேர் ஈயின் கூட்டுப்புழு மண்ணுக்குள்தான் கிடக்கும். தெள்ளுவண்டின் புழுவும் மண்ணில்தான் வளரும். அங்கேயே நட்டு வலை போட்டால், உள்ளிருந்து வெளிவரும் பூச்சியை நாமே செடியோடு சேர்த்து அடைத்துவைத்தது போல ஆகும்.

வலைக்குள்ளேயே புழு வந்துவிட்டதே!

முதலில் எந்தப் புழு என்று பாருங்கள். வண்ணத்துப்பூச்சியின் புழு தொட்டால் மெதுவாக நெளியும். வைரமுதுகுப் புழு அப்படியில்லை. ஒரு சென்டிமீட்டர் நீளம், வெளிர்பச்சை நிறம், இரு முனையும் கூராக இருக்கும். ஒரு துரும்பால் தொட்டுப் பாருங்கள். துடித்துப் பின்னோக்கி நகரும், இலையிலிருந்து விழும், விழுந்த வேகத்தில் ஒரு நூலில் தொங்கும். தொல்லை போய்விட்டது என்று தெரிந்ததும் அதே நூலைப் பிடித்து மேலே ஏறிவிடும். இலையில் மேல்தோலை மட்டும் விட்டுவைத்துத் தின்பதால் ஓட்டைக்குப் பதில் கண்ணாடித்தாள் ஒட்டியது போன்ற திட்டுகள் தெரியும்.

கையால் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுவதே முதல் வழி. மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை செய்யுங்கள். சூடு காலத்தில் வைரமுதுகு அந்துப்பூச்சியின் முழுச் சுற்றும் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும் என்பதால் ஒருமுறை பொறுக்கிவிட்டு இருந்துவிட முடியாது. எடுத்தும் தீரவில்லை என்றால் பிடி மருந்து அடிக்கலாம். புழு அதைத் தின்றால்தான் சாகும், வெயில் பட்டால் வீரியம் போய்விடும். அதனால் சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். சின்னப் புழுக்களிடம்தான் அது நன்றாக எடுபடும்.

புழுவின் பக்கத்தில் மஞ்சள் பஞ்சு உருண்டைகள் போலச் சின்னச் சின்னக் கூடுகள் ஒட்டியிருந்தால் தயவுசெய்து நசுக்காதீர்கள். அவை ஒட்டுண்ணிக் குளவியின் கூடுகள். அந்தப் புழு எப்படியும் பிழைக்காது. அந்த இலையைக் கிள்ளி வலைக்கு வெளியே போட்டால் குளவிகள் பிழைத்து நமக்கே உதவும்.

வலை போட்ட பிறகுதான் அசுவினி அதிகமாகிவிட்டது. ஏன்?

வலை பொறிவண்டையும் குளவியையும் சேர்த்து வெளியே நிறுத்திவிடுகிறது. அசுவினிக்கோ இணைகூடத் தேவையில்லை. பெண் பூச்சி தனியாகவே குட்டி போடும், அந்தக் குட்டி ஒன்றிரண்டு வாரத்தில் தன் பங்குக்குப் போடத் தொடங்கும். நாற்றின் குருத்தில் ஒன்று ஒளிந்திருந்தால் போதும். வாரம் ஒருமுறை குருத்தைப் பாருங்கள். சாம்பல் பூசியது போன்ற கூட்டம் தெரிந்தால் விரலால் தேய்த்து, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு சில நாள் பகலில் ஒரு ஓரத்தைத் திறந்துவைத்துப் பொறிவண்டை உள்ளே விடுவதா, அதனால் வண்ணத்துப்பூச்சியும் வருமே என்று மூடியே வைப்பதா என்ற குழப்பம் வரும். பொறிவண்டு நாலைந்தைக் கண்டால் கையால் எடுத்து உள்ளே விட்டு மூடிவிடுங்கள். எனக்கு அது பலன் தந்திருக்கிறது.

தேனீ வர முடியாதே, காய்ப்பு பாதிக்காதா?

பாதிக்காது. இங்கே நாம் சாப்பிடுவது இலை, தண்டு, கிழங்கு, விரியாத மொட்டு. மகரந்தச் சேர்க்கைக்கு வேலையே இல்லை. விதை எடுக்க விட்டிருக்கும் செடிக்கு மட்டும் பூக்கும் நேரத்தில் வலையை எடுத்துவிடுங்கள்.

உள்ளே சூடு ஏறாதா?

ஏறும், அதுவும் நெருக்கமான வலையில். உச்சி வெயிலில் இலை தொங்கி, மாலையில் நிமிர்ந்துவிட்டால் பயமில்லை. காலையிலும் தொங்கிக் கிடந்தால் தண்ணீர் போதவில்லை, அல்லது வேரில் பிரச்சினை. காற்று குறைவதால் ஈரம் தேங்கி இலையின் அடியில் சாம்பல் பூத்தது போல அடிச்சாம்பல் நோய் வரலாம். நெருக்கி நடாதீர்கள், மண்ணைத் தொடும் பழுத்த இலைகளைக் கிள்ளி எடுங்கள், காலையில் வேருக்குத் தண்ணீர் விடுங்கள்.

மழையும் தண்ணீரும் வலைக்குள் போகுமா?

போகும். பூவாளியால் மேலே ஊற்றினாலும் இறங்கும். மிக நெருக்கமான வலையில் கொஞ்சம் வழிந்தோடும் என்பதால் உள்ளே ஒரு சொட்டுநீர்க் குழாயை முன்கூட்டியே போட்டுவிட்டால் வசதி.

பறவை, ஓணான், பாம்பு சிக்கிக்கொள்ளுமா?

பெரிய கண் வலையில் சிக்கும். அதிலும் மெல்லிய நைலான் இழையில் தளர்வாகத் தொங்கும் வலை மிகவும் ஆபத்து. ஒரு ஓணான் தலையை விட்டுப் பின்வாங்க முடியாமல் கழுத்து அறுபட்டுக் கிடந்ததைக் கத்தரிக்கோலால் ஒவ்வோர் இழையாக வெட்டி எடுத்த அன்று, பறவை வலையை மொத்தமாகக் கழற்றிவிட்டேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வீட்டுப் பழமரங்களுக்குப் போடும் வலையின் கண், முழுதாக இழுத்த நிலையிலும் 5 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்று 2021 செப்டம்பரிலிருந்து விதியே இருக்கிறது. கண்ணுக்குள் விரல் நுழைந்தால் அந்த வலை வேண்டாம் என்பது அங்கே சொல்லும் எளிய சோதனை. நம் பாத்திக்கும் அது பொருந்தும், ஏனென்றால் வண்ணத்துப்பூச்சியை நன்றாகத் தடுக்கும் 5 மி.மீ. வலை அந்தச் சோதனையில் தானாகவே தேறிவிடும். வலையை இழுத்துக் கட்டுங்கள், மிச்சத்தைத் தரையில் குவித்து வைக்காதீர்கள், தினம் ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள்.

நத்தைக்கு இது தடையா?

இல்லை. ஓடில்லா நத்தை மண்ணோரமாகவே வந்துவிடும். சில சமயம் வலைக்குள் நிழலும் ஈரமும் அதற்கு வசதியாகவே போய்விடும். இருட்டியபின் டார்ச் அடித்துப் பொறுக்குவதே வழி.

களை எடுக்க எப்போது திறக்கலாம்?

விடியற்காலை. வண்ணத்துப்பூச்சி வெயில் ஏறினால்தான் பறக்கும், வைரமுதுகு அந்துப்பூச்சி பொழுது சாய்ந்ததும் கிளம்பும். காலையில் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். மூடும்முன் உள்ளே ஏதாவது பறக்கிறதா என்று செடிகளை மெல்லத் தட்டிப் பாருங்கள்.

தொட்டியில் ஒன்றிரண்டு செடிதான் இருக்கிறது. அதற்கு என்ன செய்வது?

தொட்டி ஓரத்தில் மூன்று நாலு குச்சிகளை நட்டு, வலையைப் பை போலத் தைத்துக் கவிழ்த்து, தொட்டியின் கழுத்தைச் சுற்றிக் கயிற்றால் கட்டிவிடுங்கள். ஓரத்தில் இடைவெளியே இருக்காது என்பதால் பாத்தியைவிட இது பத்திரமானது.

அறுவடைக்குப் பின் வலையை எப்படி வைப்பது?

உதறி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கையால் அலசி, நிழலில் நன்றாகக் காயவையுங்கள். புழுதியும் பாசியும் அடைத்துக்கொண்டால் அடுத்த முறை காற்றே புகாது. மடிப்பிலும் சுருக்கத்திலும் கூட்டுப்புழு ஒட்டியிருக்கும், விரலை ஓட்டிப் பார்த்து எடுத்துவிடுங்கள். காய்ந்ததும் இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால் கிழிசல் பளிச்சென்று தெரியும். சின்ன ஓட்டையை மீன்பிடி நரம்பால் தைக்கலாம். பெரியதாக இருந்தால் மிச்ச வலையில் ஒரு துண்டு வெட்டி ஒட்டுப்போடுங்கள். எலி கடிக்காதபடி மூடியுள்ள டப்பாவில், உள்ளே கண் அளவும் நீள அகலமும் எழுதிய ஒரு சீட்டோடு வைத்துவிடுங்கள். அடுத்த பருவத்தில் எது எந்தப் பாத்திக்கு என்று மறுபடி ஸ்கேல் வைத்து எண்ண வேண்டியிருக்காது.